பச்சை டிரம்மும் மேரக்காய்க் கூட்டும்

கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டிலிருந்து கீழே இறங்கும் சந்தில் சிலுவைராஜ் மெஸ் இருந்தது. சைவச் சாப்பாடு மட்டும்தான். பழனியில் சாமி கும்பிட்டுவிட்டு, இவ்வளவு தூரம் வந்தாயிற்று, மலையையும் பார்த்துவிட்டுப் போவோம் என்று ஏறி வருகிறவர்கள் பசியோடு வந்து உட்காரும் இடம் அது. மாலை போட்டவர்கள், புதிதாக மொட்டை அடித்தவர்கள், சந்தனம் பூசிய தலையோடு அழும் குழந்தைகள் என்று பந்தி நிறைந்திருக்கும். மாதா படத்துக்குக் கீழே கல்லாவில் உட்கார்ந்து சிலுவைராஜ் எல்லோருக்கும் டோக்கன் கிழித்துக் கொடுப்பார். அடுப்படி முழுக்க நல்லசாமியின் பொறுப்பு.

நல்லசாமிக்குச் சொந்த ஊர் கீழே பாலசமுத்திரம். பழனி அடிவாரத்து ஹோட்டல் ஒன்றில் காய் நறுக்கப் போனவர், அங்கிருந்த பாலக்காட்டு மாஸ்டர் ஒருவரிடம் கரண்டி பிடிக்கக் கற்றுக்கொண்டார். ஒரு கோடையில் சீசன் வேலைக்கென்று மலையேறினார். சீசன் முடிந்ததும் மற்ற ஆட்கள் இறங்கிப் போனார்கள். இவர் இறங்கவில்லை. கீழே அடுப்பு முன்னால் நின்றால் உடம்பு வெந்துபோகிறது, இங்கே நின்றால் சுகமாக இருக்கிறது என்றார். மனைவியும் மகளும் பாலசமுத்திரத்திலேயே இருந்தார்கள். மாதம் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு, வெக்கை தாங்கவில்லை என்று அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுவார்.

ஊரே ஸ்வெட்டரும் மப்ளருமாக நடமாடும்போது நல்லசாமி கைலியும் கை வைத்த பனியனுமாகத்தான் இருப்பார். வெள்ளனே எழுந்ததும் அடுப்பைப் பற்றவைத்தால் ராத்திரி வரைக்கும் அது அணையாது. அடுப்படிச் சுவரை ஒட்டியே அவருடைய படுக்கை. அந்தச் சுவர் விடிய விடியச் சூடாக இருக்கும். கொடைக்கானலில் குளிர் என்பதெல்லாம் டூரிஸ்ட்டுகளை இழுக்க டாக்ஸிக்காரர்கள் கிளப்பிவிட்ட பேச்சு என்பது அவருடைய அபிப்பிராயம்.

அவர் செய்வதில் அவருக்கே மிகவும் பிடித்தது மேரக்காய்க் கூட்டு. கீழே சௌசௌ என்று விற்கிற காய்தான். மலையில் அது வேலி, மரம், கக்கூஸ் கூரை என்று எதன் மேலும் ஏறிக் காய்த்துத் தள்ளும். அதைப் பொடியாக நறுக்கி, பாசிப்பருப்போடு குழைய வேகவைத்து, தேங்காயும் சீரகமும் அரைத்து ஊற்றி, கடைசியில் பச்சைத் தேங்காய் எண்ணெயைத் தாராளமாகவே விட்டு, கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டு மூடிவிடுவார். கொஞ்ச நேரம் கழித்து மூடியைத் திறந்து, முகத்தை ஆவிக்குள் நீட்டிக் கண்ணை மூடுவார். ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்குவார். பிறகுதான் மற்ற வேலை. பாலக்காட்டு மாஸ்டர் காட்டிய பக்குவத்தில் இம்மியும் மாற்றியதில்லை.

யாராவது குறை சொன்னால் அவர் சண்டை போட மாட்டார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பின்பக்கக் கட்டைச் சுவரில் போய் உட்கார்ந்துகொள்வார். கூட்டமான நேரத்தில் ஒரு தடவை அப்படி உட்கார்ந்து, சிலுவைராஜே சட்டினி அரைக்க வேண்டியதாகிவிட்டது. அதிலிருந்து முதலாளி அவரிடம் வானிலையைத் தவிர வேறு எதையும் பேசப் பயப்படுவார்.

இரண்டாயிரத்து நான்கு வாக்கில் நகராட்சியில் புது விதி பேசத் தொடங்கினார்கள். ஹோட்டல், மெஸ், லாட்ஜ் எதுவாக இருந்தாலும் குப்பையை இனி ஒன்றாகக் கொட்டக் கூடாது. மக்குவதற்குப் பச்சை டிரம், மக்காததற்குச் சிவப்பு டிரம். மிச்சம் விழும் சாப்பாட்டை மாட்டுக்கோ உரக்குழிக்கோ கொடுத்துவிட வேண்டும். கலந்து வைத்தால் வண்டி எடுக்காது, மேற்கொண்டு அபராதம். இதை விளக்கிச் சொல்ல ஹோட்டல்காரர்கள் எல்லோரையும் ஒரு மண்டபத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சிலுவைராஜுக்கு அன்றைக்குத் திண்டுக்கல்லில் ஒரு கல்யாணம். நல்லசாமியைப் போய் உட்கார்ந்துவிட்டு வரச் சொன்னார்.

நல்லசாமி எந்தக் கூட்டத்துக்கும் போனவரில்லை. எங்கே உட்காருவது என்று தெரியாமல் முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டார். திரையில் படம் காட்டினார்கள். ஒரு படத்தில் காட்டுமாடு ஒன்று வாயில் பாலிதீன் கவரோடு நின்றது. நல்லசாமிக்கு மனசு என்னவோ செய்தது. அந்த நேரம் பார்த்து அதிகாரி அவரைக் காட்டி, "சார், உங்க ஹோட்டல்ல மிச்சச் சாப்பாட்ட என்ன செய்றீங்க?" என்று கேட்டார்.

அதுவரை அவரை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. எழுந்து நின்றார். "இன்னைக்கு வரைக்கும் தப்பாத்தான் செஞ்சோம் சார்" என்றார். மண்டபமே கை தட்டியது. டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். அன்று மெஸ்ஸுக்குத் திரும்பி வந்த நல்லசாமி வேறு ஆளாக இருந்தார்.

மறுநாளே பின்பக்கம் இரண்டு டிரம் வந்துவிட்டது. வெங்காயச் சருகு பச்சை. வாழைநார் பச்சை. ரப்பர் பேண்ட் சிவப்பு. பால் பாக்கெட் சிவப்பு, ஆனால் கழுவிவிட்டுத்தான் போட வேண்டும். டிக்சன் என்ற சப்ளையர் வாயில் இருந்த பபிள்கம்மைப் பச்சையில் துப்பிவிட்டதற்காக அரை நாள் அவனோடு பேசவில்லை. திரும்பி வந்த சிலுவைராஜ் டிரம்களைப் பார்த்துவிட்டு, நல்லதுதான் மாஸ்டர் என்று மட்டும் சொன்னார். அவரே கல்லாவில் பேனா ரீஃபிளை எந்த டிரம்மில் போடுவது என்று கேட்டுவிட்டுத்தான் போட்டார்.

இந்த ஆட்டத்தில் அதிகம் கஷ்டப்பட்டது மகாராணிதான். மெஸ்ஸில் பாத்திரம் கழுவுவதும் இலை எடுப்பதும் அவள் வேலை. இலங்கையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். சின்ன வயதில் தாய் தகப்பனோடு கப்பலேறி வந்து, யூக்கலிப்டஸ் மரம் வெட்டும் வேலையெல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் இந்த மெஸ்ஸுக்கு வந்து சேர்ந்தாள். தன் பேரைச் சொன்னதும் எதிராளி முகத்தில் வரும் சிரிப்புக்கு எப்போதோ பழகிவிட்டாள்.

பச்சை டிரம்மை எடுத்துப் போக மலைச்சாமி என்பவர் ஒத்துக்கொண்டிருந்தார். மேல்மலைப் போளூர்க்காரர். பூண்டும் உருளைக்கிழங்கும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கொடைக்கானலுக்கு வருவார். திரும்பும்போது வண்டி சும்மாதானே போகிறது என்று டிரம்மை ஏற்றிக்கொள்வார். மாடு தின்றது போக மீதி பூண்டுக் காட்டுக்கு உரம். முதல் வாரம் முடிந்ததும் முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். மடித்த இலைக்குள்ளே வாட்டர் பாக்கெட்டும் சாக்லேட் தாளும் இருக்கிறது, தன்னுடைய செவலைப் பசு அதையும் சேர்த்து மென்றுவிட்டது, இப்படி இருந்தால் இனி டிரம் வேண்டாம் என்றார்.

நல்லசாமிக்கு அந்தக் காட்டுமாட்டுப் படம் கண் முன்னால் வந்தது. இனிமேல் ஒவ்வொரு இலையையும் பிரித்துப் பார்த்துத்தான் டிரம்மில் போட வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

மகாராணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். "ஊரான் சாப்பிட்டு மடிச்ச எலைய யாராச்சும் பிரிப்பாங்களா மாஸ்டர்? அசிங்கந்தானே?"

"ரூல்ஸுன்னா ரூல்ஸுதான்" என்ற நல்லசாமி, வழி காட்டுவதற்காகத் தானே ஒரு பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதல் பந்தி முடிந்து இலைகள் வந்திறங்கின. ஒன்றைப் பிரித்தார். உள்ளே ஏரியில் படகு போன டிக்கெட் இருந்தது. வெற்றியோடு அதை எடுத்துச் சிவப்பில் போட்டார். பிறகு இலையின் ஓரத்தைப் பார்த்தார். மேரக்காய்க் கூட்டு, வைத்த இடத்திலேயே, வைத்தபடியே இருந்தது. கரண்டியின் குழிவு கூடக் கலையவில்லை.

காய்ச்சல்காரனாக இருப்பான் என்று நினைத்து அடுத்த இலையைப் பிரித்தார். அதிலும் கூட்டு. அதற்கடுத்த இலையிலும் கூட்டு. ஒரு குழந்தையின் சிறு இலையில் கூட்டின் மேல் பல் குத்தும் குச்சியை நட்டு, அப்பளத் துண்டால் கொடி கட்டியிருந்தது. சாம்பார், ரசம், மோர், பொரியல் எல்லாம் காலி. கூட்டு மட்டும் இலைக்கு இலை ஊர்வலம் போல வந்துகொண்டே இருந்தது. மகாராணி முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவசரமாக ஒரு அண்டாவைத் தேய்க்கத் தொடங்கினாள்.

இத்தனை வருஷமாக எல்லாம் ஒரே டிரம்மில் விழுந்தது. மடித்த இலை மடித்தபடியே போனது. உள்ளே என்ன போகிறது என்று யாருக்கும் தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது. தெரியும்படி செய்ததும் அவரேதான்.

முதலில் டிக்சனைக் கூப்பிட்டுத் திட்டினார். அள்ளி அள்ளி வைத்தால் எவன் தின்பான், அரைக் கரண்டி வை என்றார். மறுநாள் அரைக் கரண்டி அரைக் கரண்டியாகவே திரும்பி வந்தது. அடுத்து வெளிமாநிலத்துக்காரர்களுக்கு நம் ருசி தெரியாது என்று சொல்லிப் பார்த்தார். அன்றைக்கு மதுரையிலிருந்து வந்த ஒரு பஸ் முழுக்கச் சாப்பிட்டுவிட்டுப் போனது. ஒரு கூட்டுக்கும் சேதாரமில்லை. இலைக்குள்ளே ஒரு பல்செட் கிடந்த நாளில் மட்டும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. பல்லில்லாமல் எப்படித் தின்பான் என்றார். ஆனால் அது மக்குமா மக்காதா என்பது பெரிய குழப்பமாகி, இரண்டு டிரம்முக்கும் நடுவில் ஒரு டம்ளரில் அதை வைத்திருந்தார்கள். சாயங்காலம் ஒரு மொட்டைப் பெரியவர் வாயைப் பொத்திக்கொண்டு வந்து வாங்கிப் போனார்.

கடைசியில் அடுப்பைச் சிறு தீயில் வைத்துவிட்டு நேரே பந்திக்கே போய் நின்றார் நல்லசாமி. கையில் நீளமான கரண்டி இருந்தது. குடும்பத்தோடு வந்திருந்த ஒருவர் சாப்பிட்டு முடித்து இலையின் நுனியைத் தூக்கினார். நல்லசாமி பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

"கூட்டு அப்படியே கெடக்கே அண்ணே. வாய்க்கு எடுக்கலையா?"

குரலில் மரியாதை இருந்தது. ஆனால் அந்த மனிதர் பார்த்தது கரண்டியை. இலையை மறுபடி விரித்து, மூச்சு விடாமல் கூட்டை வழித்து விழுங்கினார். அவர் மனைவியும் குனிந்தபடி விழுங்கினாள். பிள்ளைகள் அழுதுகொண்டே தின்றன. நன்றாயிருந்ததா என்று நல்லசாமி கேட்டதற்கு நான்கு பேரும் ஒன்றாகத் தலையாட்டினார்கள்.

டாக்ஸிக்காரர்கள் மூலம் இது ஊரெல்லாம் பரவிவிட்டது. அங்கே போனால் கூட்டைத் தின்னாமல் வெளியே விட மாட்டார்கள் என்று சொல்லி, வண்டியை வேறு மெஸ்ஸுக்குத் திருப்பினார்கள். பந்தியில் பாதி காலியானதும் சிலுவைராஜ் தைரியத்தை எல்லாம் திரட்டிக்கொண்டு அடுப்படிக்கு வந்தார். வானம் மூட்டமாக இருக்கிறது என்று ஆரம்பித்தார். பனியும் அதிகம் என்றார். பிறகு, கொஞ்ச நாளைக்குக் கூட்டை நிறுத்திவிட்டு உருளைக்கிழங்கு பொரியல் போட்டுப் பார்த்தால் என்ன என்று கேட்டார்.

நல்லசாமி கரண்டியைக் கீழே வைத்தார். கட்டைச் சுவருக்குப் போய்விட்டார்.

அவர் அங்கே உட்கார்ந்திருந்த நேரத்தில்தான் மலைச்சாமி டிரம் எடுக்க வந்தார். விஷயத்தைக் கேட்டதும் பதறிவிட்டார்.

"மாஸ்டர், என்ன செஞ்சாலும் கூட்ட மட்டும் நிறுத்திராதீங்க. ஒங்க கூட்டு மாதிரி இந்த மலையிலயே கெடையாது. டிரம்மத் தொறந்தா மொதல்ல காலியாகுறது அதுதான்."

நல்லசாமியின் முகம் மலர்ந்தது. சுவரிலிருந்து இறங்கி, வேட்டியைச் சரிசெய்வது போலக் கைலியைச் சரிசெய்துகொண்டார். "ஒங்க வீட்டுல எல்லாருக்கும் பிடிக்குமோ?" என்று கேட்டார்.

"செவலைக்கு உசுரு" என்றார் மலைச்சாமி. "பாலு கூட ரெண்டு படி சேத்துக் குடுக்குது."

நல்லசாமி திரும்பச் சுவரில் ஏறி உட்கார்ந்துகொண்டார். டிரம்மை ஏற்றிக்கொண்டு ஜீப் போய்விட்டது. அவர் எழுந்திருக்கவில்லை. அடுப்படியில் பால் பொங்கி வழிந்த சத்தம் கேட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. பாலக்காட்டு மாஸ்டர் இப்போது உயிரோடு இருக்கிறாரோ இல்லையோ, இதைக் கேள்விப்பட்டால் என்ன நினைப்பார் என்று நினைத்துக்கொண்டார்.

மகாராணி கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். ஒரு டம்ளர் டீயைச் சுவரில் வைத்தாள்.

"மாஸ்டர், கோவிச்சுக்காதீங்க. நீங்க என்னைக்காச்சும் அந்தப் பக்கம் போய் ஒக்காந்து, எலையில போட்டுச் சாப்பிட்டிருக்கீங்களா?"

அவர் யோசித்தார். சாப்பிட்டதில்லை. பந்தி எல்லாம் முடிந்த பிறகு அடுப்படியிலேயே நின்றபடி மோர் சோறும் ஊறுகாயும்தான் அவருக்கு. காலையிலிருந்து வாசனை பிடித்தே வயிறு நிறைந்திருக்கும். கூட்டில் அவர் ருசி பார்த்ததெல்லாம் கொதிக்கிற அண்டாவிலிருந்து உள்ளங்கையில் விட்ட அந்த ஒரு சொட்டு.

மறுநாள் கூட்டம் ஏறிய நேரத்தில் சமையலை இறக்கி வைத்துவிட்டு, சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு, வாசல் பக்கத்து மேஜையில் போய் உட்கார்ந்தார் நல்லசாமி. சப்ளை செய்ய வந்த டிக்சன் அவரைப் பார்த்துப் பின்வாங்கினான். எல்லோருக்கும் வைப்பது போல வை, ஒன்றும் கூடுதலாகச் செய்யாதே என்றார்.

அந்த மெஸ்ஸின் வாசல் கதவு சரியாகச் சாத்தாது. சந்தில் இறங்கும் பனிமூட்டம் ஆட்களுக்கு முன்னால் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். நல்லசாமி உட்கார்ந்த சற்று நேரத்துக்கெல்லாம் கால் பெருவிரல் விறைத்தது. காது எரிந்தது. முதுகில் யாரோ ஈரத் துணியைப் போட்டது போல இருந்தது. எதிரே இருந்தவர்கள் எல்லாம் தலையோடு காதோடு கட்டிக்கொண்டு, கையை அக்குளில் செருகியிருப்பதை அப்போதுதான் கவனித்தார். இந்த ஊரில் குளிர் இருக்கிறது என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

டிக்சன் இலையைப் போட்டான். தண்ணீர் தெளித்தான். வழக்கப்படி ஊறுகாய், பொரியல், கூட்டு எல்லாம் ஓரத்தில் வைத்துக்கொண்டே போனான். வாசலோரத்துக் கடைசி மேஜை வரைக்கும் வைத்து முடித்து, சோற்று அண்டாவை உள்ளேயிருந்து தூக்கி வந்து, முதல் மேஜையிலிருந்து போட்டு வருவதற்குள் நல்லசாமி இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் முன்னாலேயே கூட்டின் மினுமினுப்பு மங்கியது. மேலே மெல்லிய வெள்ளை ஆடை படர்ந்தது. விரலால் தொட்டார். மெழுகுவர்த்தியைத் தொட்டது போல இருந்தது.

பாலக்காட்டிலும் பழனியிலும் தேங்காய் எண்ணெய் எண்ணெயாக இருக்கும். அடுப்படியிலும் எண்ணெயாகத்தான் இருந்தது. பந்திக்கு வந்ததும் அது உறைந்துபோய்விடுகிறது. ஒரு வாய் எடுத்து வைத்தார். மேல் அண்ணத்தில் அப்பிக்கொண்டது. நாக்கால் தள்ளிப் பார்த்தார், போகவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு பழனி பக்தர் இரக்கத்தோடு பார்த்து, அதைத் தொடாதீர்கள், எனக்கும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது என்று காதோடு சொன்னார். நல்லசாமி தலையாட்டிவிட்டு, தான் வைத்த கூட்டை மிச்சமில்லாமல் தின்று முடித்தார். அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் வேறு எதையும் வாயில் வைக்கவில்லை. வெந்நீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் தேங்காய் எண்ணெய் டின் சிலுவைராஜின் மனைவி தலைக்குத் தேய்க்க என்று வீட்டுக்குப் போய்விட்டது. கூட்டுக்குக் கடலை எண்ணெயில் கடுகும் வற்றலும் தாளித்தார். கூட்டு வாளியைக் கொதிக்கும் தண்ணீர் சட்டியில் இறக்கி வைத்தார். சோறு போட்ட பிறகுதான் கூட்டு வைக்க வேண்டும் என்றார். சோற்றுக்கு முன்னால் ஓரத்தில் வைப்பதுதான் முறை என்று டிக்சன் ரொம்ப நேரம் வாதாடினான். பாலக்காட்டு மாஸ்டரின் பக்குவத்தையே மாற்றிவிட்டேன், உன் முறை எனக்கு எம்மாத்திரம் என்று சொல்லி வாளியை அவன் கையில் திணித்தார்.

முதல் பந்தி இலைகள் பின்பக்கம் வந்தன. நல்லசாமி அடுப்புப் பக்கம் திரும்பி நின்று, ஏற்கெனவே கொதித்த ரசத்தைக் கிளறிக்கொண்டிருந்தார். மகாராணி ஒவ்வொரு இலையாகப் பிரித்து, கல்யாணப் புடவையைக் காட்டுவது போல இரண்டு கையாலும் விரித்துக் காட்டினாள். கறிவேப்பிலையும் வற்றலும் தவிர ஒன்றுமில்லை. ஒரு இலையில் அதுவும் இல்லை. தனக்கு அதில் அக்கறையே இல்லாதது போல நல்லசாமி இருந்தார். ஆனால் ஒவ்வொரு தடவை இலை விரியும்போதும் கிளறுவது நின்றது.

டாக்ஸிக்காரர்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள். பந்தி நிறைந்தது. பச்சை டிரம் மட்டும் பாதிக்கு மேல் ஏறவில்லை. செவலை டிரம்முக்குள் தலையை விட்டுத் தேடுகிறது என்று மலைச்சாமி குறைப்பட்டார். அவர் கண்ணில் நல்லசாமி ஏதோ துரோகம் செய்துவிட்டவர் போலத்தான் இருந்தார். கடைசியில் ஏரிப் பக்கம் ஒரு பெரிய ஹோட்டலுக்கு வாடிக்கையை மாற்றிக்கொண்டு, இங்கே வாரம் ஒரு தடவை மட்டும் வந்தார்.

இது சுகாதார ஆய்வாளர் ஞானவேலின் காதுக்குப் போயிற்று. இவ்வளவு கூட்டம் வருகிற மெஸ்ஸில் இவ்வளவு கொஞ்சமாக மிச்சம் விழுந்தால் மீதி எங்கே போகிறது என்று அவருக்குச் சந்தேகம். நேரே வந்து, பின்பக்கச் சுவரில் ஏறி ஓடையை எட்டிப் பார்த்தார். புதரை விலக்கிப் பார்த்தார். பாவம், மனிதர் கால் சட்டையெல்லாம் உண்ணிச்செடி முள். ஒன்றும் கிடைக்கவில்லை. சிலுவைராஜ் மாதா படத்தைத் தொட்டு, வெளியே எங்கேயும் கொட்டவில்லை என்று சத்தியம் செய்தார்.

"அப்ப டிரம்முக்கு வராம எங்கதான் போகுது?" என்று கேட்டார் ஞானவேல்.

"திங்குறாங்க சார்" என்றார் நல்லசாமி.

ஞானவேல் தன் சர்வீஸில் இப்படி ஒரு விளக்கத்தைக் கேட்டதில்லை. நல்லசாமி அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போய்ப் பந்தியில் உட்காரவைத்தார். டிக்சன் சோறு போட்டான், கூட்டு வைத்தான். ஞானவேல் விசாரணைக்கு வந்தவர் என்பதால் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டுதான் தின்னத் தொடங்கினார். இரண்டாவது தடவை கூட்டு கேட்டபோது அந்த இறுக்கம் தளர்ந்தது. மூன்றாவது தடவை வாளியையே எட்டிப் பார்த்தார். முடித்ததும் பழக்க தோஷத்தில் இலையை மடித்துவிட்டு எழுந்தார்.

மகாராணி அதுவரை சும்மா நின்றவள், விறுவிறுவென்று வந்து, அவர் முன்னாலேயே இலையைப் பிரித்தாள்.

பரீட்சைத் தாளைத் திருத்திக்கொண்டிருக்கும் வாத்தியார் முன்னால் நிற்பது போல ஞானவேல் நின்றார். கூட்டு இருந்த இடம் துடைத்துவைத்தது போல இருந்தது. ஆனால் பீட்ரூட் பொரியல் தொடாமல் அப்படியே கிடந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

"எனக்குச் சுகர். டாக்டர் இனிப்பக் கொறைக்கச் சொல்லியிருக்காரு" என்றார் ஞானவேல், தாழ்ந்த குரலில்.

அதை நல்லசாமி நம்பினாரா என்று சொல்ல முடியாது. மறுநாள் பந்தி முடிந்ததும் பீட்ரூட் எத்தனை இலையில் இருக்கிறது என்று தானே குனிந்து பார்த்தார். ஞானவேல் திருப்தியாகத்தான் போனார். குப்பையைப் பிரிக்கிற விஷயத்தில் இந்த மெஸ்ஸைப் போய்ப் பாருங்கள் என்று மற்ற ஹோட்டல்காரர்களிடமும் சொன்னார். வந்து பார்த்தவர்களுக்கு நல்லசாமி டிரம்மைப் பற்றிக் கொஞ்சமும், எண்ணெயைப் பற்றி நிறையவும் பேசினார். பலர் பாதியிலேயே சோலி இருக்கிறது என்று கிளம்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அவருக்கு ஒரு புதுப் பழக்கம் தொற்றிக்கொண்டது. மத்தியானச் சமையல் முடிந்து கொஞ்சம் ஓய்வு கிடைத்தால், ஊரில் உள்ள ஹோட்டல்களின் பின்பக்கமாக ஒரு நடை போவார். பச்சை டிரம்களின் மூடியைத் தூக்கிப் பார்ப்பார். ஒரு சமையல்காரனின் யோக்கியதை முன்பக்க போர்டில் இல்லை, பின்பக்க டிரம்மில் இருக்கிறது என்று மகாராணியிடம் சொல்வார். திரும்பி வந்ததும், இன்ன ஹோட்டலில் குருமா திரும்புகிறது, இன்ன லாட்ஜில் உப்புமா திரும்புகிறது என்று அவளுக்கு விவரம் சொன்னால்தான் அவருக்குச் சாயங்கால அடுப்பு பற்றும்.

ஒரு நாள் ஏரிப் பக்கத்து ரிசார்ட் ஒன்றின் பின்னால் அப்படி ஒரு டிரம்முக்குள் தலையை விட்டு, அடியில் கிடந்தது பருப்பா வடையா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே சமையல்கட்டில் வேலை பார்த்த லீமா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். அழுக்குப் பனியனும் கைலியுமாக ஒரு வயதான ஆள் எச்சில் டிரம்முக்குள் குனிந்து நிற்பதைப் பார்த்ததும் அவளுக்கு மனசு இளகிவிட்டது.

"ஐயா, அதுல கை வைக்காதீங்க. செத்த இருங்க, வாரேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள்.

நான் மாஸ்டர், சிலுவைராஜ் மெஸ் மாஸ்டர் என்று சொல்ல வாயெடுத்தார் நல்லசாமி. அவளோ அதற்குள் போய்விட்டாள். ஓடிவிடலாமா என்று பார்த்தார், கேட் தூரத்தில் இருந்தது. லீமா தட்டு நிறையச் சோறும் பருப்பும் பொரியலும் போட்டுக் கொண்டுவந்து, ஒரு தக்காளிப் பெட்டியைக் கவிழ்த்து அவரை உட்காரவைத்தாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகு அவரால் எதையும் விளக்க முடியவில்லை. உட்கார்ந்து சாப்பிட்டார். ஏற்கெனவே மோர் சோறு தின்றிருந்ததால் பாதியிலேயே வயிறு முட்டியது. ஆனால் மிச்சம் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. பருக்கை விடாமல் தின்று முடித்து, தட்டைக் குழாயடியில் கழுவிக் கொடுத்தார்.

வயிறு நிறைந்ததா என்று லீமா கேட்டாள்.

நிறைந்தது என்று சொல்லிக் கிளம்பியிருக்கலாம். அவரால் முடியவில்லை. "பருப்புல உப்பு ஒரு கல்லு கம்மி தாயி" என்றார்.

லீமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. பசிக்கிறது என்று போட்டால் குறை சொல்கிறதைப் பார் என்று உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். போனவள் பருப்பைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. திரும்ப வெளியே வந்து பார்த்தபோது அவர் கேட்டைத் தாண்டி ஏற்றத்தில் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தார்.

நல்லசாமி இதை மகாராணியிடம் மட்டும் சொன்னார். அவள் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தட்டுகள் எல்லாம் தொட்டிக்குள் விழுந்தன. அதிலிருந்து அவர் பின்பக்கமாகப் போவதை விட்டுவிட்டார். முன்வாசலிலேயே போய் நின்று, இன்னார் என்று பேரைச் சொல்லி, உங்கள் டிரம்மை ஒரு பார்வை பார்க்கலாமா என்று கேட்டார். முக்கால்வாசி ஹோட்டல்களில் கிறுக்கன் என்று விரட்டிவிட்டார்கள். லீமா இருந்த ரிசார்ட்டில் மட்டும், மூடியைத் திறந்து காட்டிவிட்டு, ஒரு கரண்டி பருப்பையும் கொண்டுவந்து அவர் உள்ளங்கையில் ஊற்றி, இன்றைக்கு உப்பு எப்படி என்று கேட்டார்கள்.